களத்தில் நடக்கச் சொன்னவர்

எங்கள் கடலைக் கிடங்கை வாடகைக்குக் கேட்டு வந்த அன்றைக்கே அந்த டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை. கிடங்கு பார்க்க வருகிற மனிதர் கூரையைப் பார்ப்பார். ஓடு உடைந்திருக்கிறதா, மழை ஒழுகுமா, கிணறு எத்தனை தூரம் என்று கேட்பார். இவர் உள்ளே தலையை மட்டும் நீட்டினார். உடனே வெளியே வந்து, முன்னால் கிடந்த எங்கள் களத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எட்டு வைத்து அளந்துவிட்டு, "இது போதும்" என்றார்.

களத்தை யார் வாடகைக்கு விட்டார்கள்? கடலை காயப்போடும் களம். அதை நான் பத்து நாளைக்கு ஒரு முறை சாணி போட்டு மெழுகி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சைகை காட்டினேன். அவருக்குச் சைகை என்றைக்குப் புரிந்தது? "டாக்டரு நம்மூருக்கு வாரதே பெருசு, புள்ள" என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது மிசா முடிந்து இரண்டாம் வருஷம். ராசிபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் அதுவரை டாக்டர் என்று யாரும் பலகை மாட்டியதில்லை.

அவர் கிழக்கே தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துப் பேச்சே வேறு. எங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளையைக்கூட 'வாங்க சாமி' என்போம். நாயை விரட்டினாலும் கொஞ்சம் மரியாதையாகத்தான் விரட்டுவோம். இவர் எழுபது வயதுக் கிழவரைப் பார்த்து 'நட' என்பார். அந்த ஆளை 'அவன்' என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எங்கள் பக்கத்துக் கைக்கு அது வரமாட்டேன் என்கிறது. அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

அவருடைய வைத்தியம் இப்படித்தான். நோயாளி வருவார். வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா? ஒரு கதையோடு வருவார். தை மாதம் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறக் குனிந்தபோது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது என்று தொடங்கி, அந்தக் கல்யாணத்தில் யார் யாருக்கு மரியாதை குறைந்தது என்பது வரை வரிசையாக வரும். நோய் என்றால் அதுதானே? அதைச் சொல்லி முடித்தாலே பாதி வலி போய்விடும். இவர் அதில் ஒரு வரி கேட்டிருப்பாரா? கதை ஆரம்பிக்கும் முன்னே கையைக் களத்துப் பக்கம் காட்டுவார்.

"நட."

ஆள் திகைத்து நிற்பார்.

"அந்தக் கோடிவரைக்கும் போ. திரும்பு. வா. இன்னொரு தடவ."

நான் சமையலறைச் சன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, ஊர் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக என் களத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். டாக்டர் வாசற்படியில் குந்தியபடி, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டுச் சந்தை தோற்றது. ஒரு நாள் என் பெரிய மாமனார் நடந்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் டாக்டரே, பல்லப் புடிச்சுப் பாக்கலீங்களா?"

"பல்லு வேணாம். எடது குதிகாலத் தரையில வையி."

சிரிக்கவும் தெரியாது அந்த மனிதருக்கு.

அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். மூட்டு வலி என்று யார் வந்தாலும், "காலையிலயா, சாயந்தரமா?" என்பார். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் நேரம் போகப்போகச் சரியானால் அது ஒரு வியாதியாம். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் வலித்தால் அது தேய்மானமாம். முதல் வகைக்கு ரத்தம் எடுக்கச் சேலத்துக்கு எழுதிக் கொடுப்பார். இரண்டாம் வகைக்கு, "கொறச்சுத் தின்னு, எளைச்சிரு" என்பார். கடலை மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் சாயங்கால வகை. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும், சிவப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பட்டினி போடுவதற்கு மாமியார் போதாதா? பிறகு ஊரில் அது ஒரு கேலியாகிவிட்டது. குழம்பு ருசியில்லை என்று புருஷன் சொன்னால், "காலையிலயா, சாயந்தரமா?" என்று பெண்டாட்டி கேட்பாள்.

ஒரு மாதத்துக்குள் ஒன்று நடந்தது. எங்கள் ஊர் லாரிக்காரர் ஒருவர் இரண்டாவது லாரி வாங்கிய பிறகு யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. முகம் மரப்பாச்சி மாதிரி இருக்கும். கையை வீசாமல், உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டார், உடம்போடு சேர்த்துத் திரும்புவார். "ரெண்டு லாரி கழுத்துல ஏறி உக்காந்துக்கிச்சு" என்று ஊரே பேசியது. அதில் நான்தான் முதல் ஆள், மறைக்கவில்லை. அவருடைய பெண்டாட்டி, தன் பிறந்த வீட்டு விசேஷத்தில் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் என்று இரண்டு வருஷமாக அவரிடம் பேசுவதில்லை. சோறு மட்டும் போடுவாள்.

அவர் தோள்பட்டை வலிக்கு வந்தார். டாக்டர் நடக்கவிட்டார். திரும்பச் சொன்னார். மற்றவர்கள் ஒரே திருப்பில் திரும்புகிற இடத்தில் அவர் ஏழெட்டு அடி சின்னச் சின்னதாக வைத்துத் திரும்பினார். வந்து உட்கார்ந்ததும் மடியில் வைத்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுகிற மாதிரி உருண்டுகொண்டிருந்தன. டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, களம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"இது கர்வமில்ல. நடுக்குவாதம். இவரால சிரிக்க முடியல. அவ்வளவுதான்."

களத்தோரம் நின்றிருந்த அவர் பெண்டாட்டி அங்கேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது சரி. ஊர்க்காரர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டு வருஷமாக வைத்திருந்த பேச்சு ஒரே நிமிஷத்தில் கையைவிட்டுப் போனால் பின்னே எப்படி இருக்கும்?

இன்னொன்று, என் கடலை சம்பந்தப்பட்டது. ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தகப்பனார் கூட்டி வந்தார். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல். மற்றபடி அழகாக நிமிர்ந்து, முதுகு வளையாமல் நடக்கும். "ராணியாட்டம் நடக்கறா பாருங்க" என்று தகப்பனாருக்குப் பெருமை. டாக்டர் எழுந்து போய், காயப்போட்டிருந்த என் கடலைக் குவியலில் ஒரு பிடி அள்ளி, எடுத்தது யாருடையது என்றுகூடப் பார்க்காமல், பிள்ளை முன்னால் தரையில் எறிந்தார்.

"பொறுக்கு."

பிள்ளை குனியவில்லை. ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, முதுகை ஆணி அடித்த மாதிரி நேராக வைத்து, முழங்காலை மடக்கி அப்படியே கீழே இறங்கி ஒரு கடலையை எடுத்தது. டாக்டர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே சின்னதாக ஒரு முண்டு. பிள்ளை கத்தியது.

"எலும்புல காசம். இப்பவே சேலம் போ. தூக்கிட்டுப் போ, நடக்க விடாத."

"ராணியாட்டம்..." என்று இழுத்தார் தகப்பனார்.

"வளைச்சா வலிக்கும்டா அதுக்கு. அதான் நிமிந்து நிக்குது."

ஒரு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை என் களத்தில் ஓடிப்பிடித்து விளையாடியது. அதனால் என்ன? ஒரு பிடி கடலை ஒரு பிடி கடலைதான். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, கெட்டிக்கார டாக்டர்தானே, இந்த அம்மாளுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று நினைப்பீர்கள். கேளுங்கள்.

எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி. நல்ல நிறம், நல்ல குணம். நடந்தால் இடுப்பு இப்படியும் அப்படியும் அசையும். அன்னநடை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வீடு சின்னது என்பதால் எங்கள் வீட்டில்தான் உட்காரவைத்தோம். பெண் கிணற்றிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு களத்தின் குறுக்கே வந்தாள். வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது, மாப்பிள்ளையின் அத்தை முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கிடங்குக் கதவு திறந்தது. டாக்டர் வாசற்படியில் நின்று, யாரும் கேட்காமலே, காக்காய்க்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு பக்கமும் இடுப்பு மூட்டு பொறவியிலயே நழுவியிருக்கு. இத்தன வயசுவரைக்கும் யாருமே பாக்கலையா?"

அத்தைக்காரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பதினோரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். பதினோரு மணிக்கு எங்கள் ஊரில் பஸ்ஸே கிடையாது. ரோட்டில் போய் வெயிலில் நின்றார்கள்.

நான் அன்றைக்கு நேராகக் கிடங்குக்குள் போனேன்.

"ஏனுங் டாக்டரே, உங்க கண்ணு பாத்துச்சு, சரி. வாய ஆருங்க தொறக்கச் சொன்னது?"

"உள்ளதத்தானே சொன்னேன்?"

"உள்ளது எங்களுக்குத் தெரியாதுங்களா? ஊர்ல ஒவ்வொரு ஊட்லயும் ஒண்ணு இருக்குது. அத எப்பச் சொல்றது, ஆருகிட்டச் சொல்றதுன்னு ஒரு மொறை இருக்குதுங்க."

"நாளைக்கு அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறக்கறப்ப..."

"அது பொறக்கற வழியையே அடைச்சுப்போட்டீங்களே! அந்தப் புள்ளையக் கூப்புட்டுத் தனியாச் சொன்னா உங்க படிப்புக் கொறஞ்சு போகுதுங்களா? படிச்ச படிப்புல அது மட்டும் இல்லீங்களா?"

அவர் மேஜையில் கிடந்த முழங்காலைத் தட்டிப் பார்க்கிற சுத்தியலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டாந்தாரமாகப் போனாள். அவள் வீட்டு விளக்குமாற்றை எடுத்து அடித்திருந்தாலும் அந்த மனிதருக்குத் தகும்.

இனி என் விஷயம்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பிக்கு அக்கினிச் சட்டி எடுக்கிற வீடு எங்களுடையது. மற்ற பெண்கள் சட்டிக்கு அடியில் வேப்பிலையைத் திண்டு மாதிரி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். அப்படியும் கோயிலைச் சுற்றி வருவதற்குள் கண்ணில் நீர் வரும். நான் வலக்கையில் மட்டும் ஏந்துவேன். இலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இடக்கையில் வேப்பங்கொத்து. ஒன்பது வருஷம் எடுத்தேன். கடைசி மூன்று வருஷம் சூடே தெரியவில்லை. "ஆத்தா அவ கையிலயே எறங்கி நிக்கறா" என்று ஊர் கும்பிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? என் மகளுக்கு வந்த சம்பந்தமே அந்தக் கையால் வந்ததுதான். "சட்டி எடுக்கற ஊட்டுப் பொண்ணு வேணும்" என்று அந்தச் சம்பந்தி அம்மாள் தேடி வந்தார். வெற்றிலை மாற்றியாகிவிட்டது. நோன்பி முடிந்ததும் கல்யாணம். சட்டி எடுப்பதைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் எல்லாரும் வருவதாகப் பேச்சு.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு நாள் டாக்டருக்குக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் நச்சரித்ததால் ஒரு டம்ளர் பால் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோனேன். வாங்கியவர், "ஐயோ" என்று கீழே போட்டுவிட்டார். ஆண்பிள்ளை! நான் வீட்டிலிருந்து அதே டம்ளரை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் கொட்டிய பாலைப் பார்க்கவில்லை. என் வலக்கையைப் பார்த்தார்.

"இந்த சுண்டுவிரல் எத்தன நாளா வளைஞ்சிருக்கு?"

"ஆட்டாங்கல்லுல மாவாட்டுன கைங்க. வளையாம?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அன்றைக்குக் கொடுத்த அடி வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே மிதப்பு.

நோன்பிக்குப் பதினைந்து நாள் இருக்கும். வாணலியில் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். கருகுகிற வாடை வந்தது. கடலை கருகுகிற வாடை எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. மயிர் பொசுங்குகிற மாதிரி, தோல் பொசுங்குகிற மாதிரி. ஏதாவது பூச்சி விழுந்ததா என்று கரண்டியால் கிளறிக் கிளறித் தேடினேன். கிளறுகிற கையைப் பிறகுதான் பார்த்தேன். என் சுண்டுவிரல் வாணலி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எடுத்தேன். தோல் அங்கேயே நின்றது. வலிக்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாமி கையில் நின்றால் கை கருகுமா? ஆத்தாள் மூன்று வருஷமாக அங்கே இல்லை என்றால், இருந்தது யார்?

மத்தியானம் களத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவர் 'நட' என்று சொல்லவில்லை. பெஞ்சைக் காட்டினார். விரலுக்குக் களிம்பு போட்டார். என் முழங்கைக்குப் பின்னால் எலும்புப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து உருட்டினார். சுருட்டிய கயிறு மாதிரி ஒன்று உள்ளே உருண்டது. இடக்கையில் அதே இடத்தில் அப்படி இல்லை. முழங்கைப் பக்கம் தேமல் என்று நான் விட்டிருந்த வெளுத்த இடத்தைப் பார்த்தார். பிறகு கோழி இறகு ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடு. தொட்டா தொட்டேன்னு சொல்லு."

மூடினேன். வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

"தொடுங்களேன், எத்தன நேரமுங்க" என்றேன்.

"பத்து தடவ தொட்டாச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திப் பெயரைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. பெருநோய் என்போம். அதுவும் வேறு ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசும்போதுதான்.

"வெளிய சொன்னீங்கன்னா நாக்க அறுத்துப்போடுவேன்" என்றேன்.

"ஆரம்பந்தான். நரம்பு வீங்கியிருக்கு. இந்த வகை ஒட்டாது. மாத்திரை இருக்கு, வருஷக்கணக்குல திங்கணும். ஆனா சட்டி எடுக்கக் கூடாது."

"எடுக்கலீன்னா ஏன்னு கேப்பாங்க."

"எடுத்தா விரலு போயிரும்."

"விரலு போனா பத்துல ஒண்ணு போச்சு. எம்பொண்ணு கல்யாணம் போனா? அந்தப் பங்காளி ஊட்டுப் புள்ளையப் பாத்தீங்கல்ல?"

அவர் தலை குனிந்துகொண்டார். நான் எழுந்தேன்.

"மாத்திரையக் குடுங்க, திங்கறேன். சட்டி இந்த வருசமும் எங்கையிலதான். கல்யாணம் முடிஞ்சப்பறம் கை எப்படிப் போனாலும் போகுட்டும்."

என் முடிவில் நான் தெளிவாக இருந்தேன். காப்புக் கட்டிவிட்டால் பிறகு எடுக்காமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காப்பு. புதன்கிழமையே சம்பந்தி அம்மாள் வந்து இறங்கிவிட்டார். வியாழன் காலையில் அவரை அழைத்துக்கொண்டு கொட்டகை ஓரமாகக் கிணற்றடிக்குப் போகும்போது களத்தில் இருபது நோயாளிகளாவது இருந்தார்கள். அந்த மனிதர் படியிலிருந்து எழுந்து குறுக்கே வந்தார். எல்லார் முன்னாலும் என் வலக்கையைப் பிடித்தார். தாலி கட்டியவர்கூட வெளியிடத்தில் பிடித்ததில்லை.

"ஏம்மா, கெணத்தடியில விழுந்தியே, கை வீங்கியிருக்கே, ஏன் சொல்லல? எலும்பு விரிசல் விட்டிருக்கு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எங்கே விழுந்தேன்? இழுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தார். களத்தோரம் அரிசி கழுவி வைத்திருந்த என் அண்டாத் தண்ணீரில் கட்டுத் துணியை முக்கி, விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேலே வரைக்கும் மாவுக்கட்டைச் சுற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா? ஏன் வேண்டாம் என்பதையும் அல்லவா சொல்ல வேண்டும்? இருபது பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதோரம் சொன்னேன்.

"ஆரக் கேட்டுங்க இது?"

"முழங்கை ஆடாம இருந்தா நரம்புக்கு நல்லது. பேசாம இரு."

சரி, பொய் சொன்னார். சொல்கிற பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா? வயலிலிருந்து ஓடி வந்த என் வீட்டுக்காரரிடம், "படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றார். சம்பந்தி அம்மாள், விழுந்தது எப்படி என்று விசாரித்தபோது, "மாடு முட்டிருச்சு" என்றார். கிணறு, படிக்கட்டு, மாடு, மூன்றும் மூன்று பேர் வாயில் ஊருக்குள் போய்விட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினால் என்ன ஆகும்? நான்தான் உட்கார்ந்து யோசித்து, மாடு முட்டி, கிணற்றடிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன் என்று மூன்றையும் ஒன்றாக முடிந்து அனுப்பினேன். வாழ்நாளெல்லாம் உள்ளதை மட்டும் சொன்ன வாய். ஒரு பொய்க்கே இத்தனை தடுமாற்றம்.

சம்பந்தி அம்மாள் அன்று முழுவதும் என் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை இழுத்துக் கட்டின்மேல் போட்டுக்கொண்டேன். பொழுது சாயும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் சம்பந்தி, எலும்பு விட்ட கையோடயா நேத்து எனக்கு இட்லி ஊத்திப் போட்டீங்க?"

"ஆமாங்க."

"மொகத்துல ஒரு சுளிப்பு இல்லீங்களே! ஊரு சொன்னது செரிதானுங்க. உங்க கைக்கு வலியே தெரியாது."

அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் சட்டியை என் ஓரகத்தி எடுத்தாள். ஐந்தடிக்கு ஒரு முறை கை மாற்றினாள், முகத்தை ஆயிரம் கோணல் செய்தாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாத்திரை வெள்ளை நிறம். கடலை மடிக்கிற காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, களத்துச் சுவரில் கவிழ்த்து வைத்த மரக்காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் கையில் கொடுத்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. மாவுக்கட்டைப் பிரித்த அன்று மட்டும், "இனிமே எத எடுத்தாலும் துணி புடிச்சு எடு. கையை நம்பாத, கண்ண நம்பு" என்றார். என் அடுப்படியில் எனக்கே பாடம். நான்கு வருஷத்துக்கு மேல் தின்றேன். என் வீட்டுக்காரர் சாகும்வரை அது ரத்தச் சோகை மாத்திரை என்றே நினைத்திருந்தார். அவருக்குத்தான் சைகையே புரியாதே.

இன்றைக்கும் என் வலக்கையில் இரண்டு விரல் வளைந்துதான் இருக்கிறது. மற்ற எட்டும் நேராக இருக்கின்றன.

அத்தனை வருஷத்தில் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனிதர் படியில் இருக்கும்போது நான் களத்தின் குறுக்கே நடந்ததில்லை. மாட்டுக் கொட்டகை வழியாகச் சுற்றிப் போய்விடுவேன். நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?

ஆறாம் வருஷம் சொந்த ஊரோடு போகிறேன் என்று கிளம்பினார். சாமான் ஏற்ற வேன் வந்து களத்தின் மறுகோடியில் நின்றது. சாவி கொடுக்க வந்தவர் வாசலில் நின்றபடி சொன்னார்.

"எல்லாரையும் பாத்துட்டேன். உன்னத்தான் பாக்கல. அது காலுக்கும் வரும், பாதம் தொங்கிப்போகும். ஒரு தடவ நடந்து காட்டு."

"மாட்டுக்கு வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போகிற மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. டம்ளரில் ஊற்றினேன். துண்டை நான்காக மடித்துச் சுற்றிப் பிடித்தேன். வழக்கம்போலக் கொட்டகை வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். அன்றைக்கு என்னவோ அந்த வழியில் போகவில்லை. காலையில்தான் களத்தை மெழுகியிருந்தேன், இன்னும் ஈரம். அந்த ஈரத்தின் மேல், ஒரு கோடியிலிருந்து அவர் வேனருகே நின்ற மறுகோடிக்கு, அவசரமில்லாமல் நடந்தேன்.

"சூடு. துணியோடயே புடிங்க" என்றேன்.

வாங்கிக்கொண்டார். நான் திரும்பி, வந்த வழியே அதே நடை நடந்து வாசலுக்கு வந்தேன். வந்து பார்த்தால், டம்ளர் வேன் முகப்பின் மேல் இருக்கிறது. அவர் களத்தில் குந்தி, ஈரச் சாணத்தில் பதிந்திருந்த என் காலடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். விரல் நுனி எங்கேயாவது இழுத்திருக்கிறதா, ஒரு பாதம் அழுத்தி ஒரு பாதம் லேசாக விழுந்திருக்கிறதா என்று போன தடத்தையும் வந்த தடத்தையும் பார்த்தார். பாதிக் களம் வந்ததும் எழுந்தார். தலையை ஒரு முறை ஆட்டினார். போய் வேனில் ஏறிக்கொண்டார். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பாலைத் தொடவே இல்லை. ஏடு கட்டிவிட்டது. நல்ல எருமைப் பால். வேன் கிளம்பும் முன்னே டிரைவர் அதை எடுத்துக் களத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை எடுத்து வர நான் இன்னொரு முறை அந்தக் களத்தை நடக்கவேண்டியதாகிவிட்டது.